சீட்டில் மண்டியிட்டிருப்பது யார்? டாரட் பழகுபவர்களுக்கு ஒரு சமூகநீதி வழிகாட்டி

படச் சீட்டுகளை விரித்துக் குறி பார்க்கும் டாரட் முறையைப் பழகத் தொடங்கும் பலர் முதல் சில மாதங்களை 78 சீட்டுகளின் பொருளை மனப்பாடம் செய்வதிலேயே செலவழிக்கிறார்கள். பொருள் எங்கேயும் ஓடிவிடாது. மறந்தால் கையேட்டைப் புரட்டிப் பார்த்துக்கொள்ளலாம். எதிரே ஒருவர் வந்து உட்கார்ந்து, "வேலை போயிடுச்சுங்க, நான் எங்க தப்பு பண்ணினேன்னு பாருங்க" என்று கேட்கும் நேரம்தான் கடினமானது. வழக்கமான வாசிப்பு அந்தக் கேள்வியை அப்படியே வாங்கிக்கொண்டு அவருக்குள்ளேயே தப்பைத் தேடப் போகும். மனத்தடை, பயம், எதிர்மறை எண்ணம் என்று ஏதாவது ஒன்று கிடைத்தும் விடும். நிறுவனம் நூறு பேரை ஒரே நாளில் வெளியே அனுப்பியது சீட்டுக்கு வெளியிலேயே நின்றுபோகும்.

கேட்பவரின் கையில் இருப்பது எது, அவர் தலைமேல் ஏற்றி வைக்கப்பட்டது எது என்று பிரித்துக் காட்டும் வாசிப்பே நியாயமான வாசிப்பு. கீழே சொல்லியிருக்கும் படிகள் எல்லாம் அந்தப் பிரித்தறிதலுக்கான பயிற்சிதான். வரிசை மாற்றாமல் செய்வது நல்லது.

படி 1: சீட்டுக்கட்டு எங்கிருந்து வந்தது

டாரட் 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் சீட்டாட்டமாகப் பிறந்தது. மிலான் பிரபுக்களுக்காகக் கையால் வரைந்து பொன்தகடு பூசிய சீட்டுகள் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. பேரரசர், போப், துறவி, தூக்கில் தொங்குபவர் என்று அன்றைய சமூகத்தின் ஏணிப்படிகள் அப்படியே படமாக ஏறின. 1781இல் பாரிஸில் கூர் தெ ழெப்லான் என்பவர், இது பண்டைய எகிப்தியப் பூசாரிகளின் ரகசிய நூல் என்று எழுதினார். எகிப்தியச் சித்திர எழுத்தை ஷாம்போலியோன் படித்துக் காட்டியதோ 1822இல். எழுத்தே புரியாத காலத்தில் கட்டிய கதை அது.

"ஜிப்ஸி" என்று மற்றவர்கள் அழைத்த ரோமா மக்கள் இதை ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்தார்கள் என்பது இன்னொரு கதை. அதற்கும் சான்று இல்லை. ரோமா மக்கள் ஜோசியத்தோடு சேர்த்துப் பேசப்பட்டதற்காகத் தண்டிக்கப்பட்டதற்குச் சான்று நிறைய. இங்கிலாந்தில் அவர்களை நாட்டைவிட்டு வெளியேறச் சொன்ன 1530ஆம் ஆண்டுச் சட்டம், கைரேகை பார்ப்பதையே ஒரு குற்றச்சாட்டாகச் சொன்னது. 1824ஆம் ஆண்டு அலைந்து திரிபவர் சட்டமும் குறி சொல்வதைக் குற்றப் பட்டியலில் சேர்த்தது. ஆகவே தலையில் துணி, காதில் பெரிய வளையம், "ஜிப்ஸி வாசிப்பு" என்ற பெயர்ப்பலகை எதுவும் வேண்டாம். அடிபட்டவர்களின் உடையை விளம்பரத்துக்கு மாட்டிக்கொள்வது அது. யாராவது எங்கிருந்து வந்தது என்று கேட்டால் ஒரே வரி போதும்: "15ஆம் நூற்றாண்டு இத்தாலியில் விளையாட்டாகத் தொடங்கியது, 18ஆம் நூற்றாண்டில் குறி பார்க்கப் பரவலானது."

இன்று பெரும்பாலோர் கையில் இருப்பது 1909இல் லண்டனில் ரைடர் பதிப்பகம் வெளியிட்ட கட்டு, அல்லது அதன் வழியில் வந்த ஏதோ ஒன்று. கருத்துச் சொன்னவர் ஆர்தர் எட்வர்ட் வெய்ட். 78 படங்களையும் வரைந்தவர் பமீலா கோல்மன் ஸ்மித். பெரிய வேலை, மிகக் குறைந்த காசு என்று அந்த ஆண்டு நவம்பரில் புகைப்படக் கலைஞர் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸுக்கு அவர் கடிதம் எழுதினார். 1951இல் கார்ன்வாலில் கடனோடு இறந்தார். பல பத்தாண்டுகளாகக் கட்டின் பெயரில் பதிப்பாளர் இருந்தார், எழுத்தாளர் இருந்தார், வரைந்தவர் இல்லை. சீட்டின் கீழ் மூலையைப் பாருங்கள்: கொடிபோல் பின்னிக்கொண்ட சிறு கையெழுத்து இருக்கும், அது அவருடையது. நீங்கள் முதலில் கற்க வேண்டிய பெயர் "ரைடர்-வெய்ட்-ஸ்மித்". சுருக்கிச் சொல்லும்போதும் ஸ்மித்தை விட்டுவிடாதீர்கள்.

படி 2: கட்டைத் தரையில் பரப்பி எண்ணுங்கள்

தேவை: கட்டு, ஒரு தாள், பேனா, ஒரு மணி நேரம், 78 சீட்டும் கொள்ளும் அளவுக்குத் தரை.

முதலில் மனிதர் இல்லாத சீட்டுகளை ஒதுக்குங்கள். கோல், கோப்பை, வாள், நாணயம் என்ற நான்கு இனங்களின் ஏஸ்கள், வாள் மூன்று, கோல் எட்டு, நிலா போன்றவை. மீதியை மூன்று குவியலாகப் பிரியுங்கள். உட்கார்ந்தோ உயரத்திலோ இருப்பவர்கள் ஒரு பக்கம். நிற்பவர்கள், நடப்பவர்கள், வேலை செய்பவர்கள் நடுவில். மண்டியிட்டவர்கள், விழுந்தவர்கள், கட்டப்பட்டவர்கள் இன்னொரு பக்கம். ஒரே சீட்டில் வெவ்வேறு வகையினர் இருந்தால் அதைத் தனியே நான்காவது குவியலாக வையுங்கள். இந்த நான்காவது குவியலில்தான் பாடமே இருக்கிறது.

நாணயம் ஆறை எடுத்துக்கொள்ளுங்கள். செல்வர் ஒருவர் நின்றுகொண்டு வலக்கையால் காசு போடுகிறார். இருவர் மண்டியிட்டுக் கை நீட்டுகிறார்கள். கையேடுகள் இதைத் தாராளம், கொடை என்று சொல்லும். செல்வரின் இடக்கையைப் பாருங்கள்: தராசு. இப்போது ஜஸ்டிஸ் சீட்டை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். அங்கேயும் இடக்கையில் தராசு. ஒன்றில் நீதி உட்கார்ந்து எல்லோருக்கும் பொதுவாக அளக்கிறது. மற்றதில் பணம் வைத்திருப்பவரே அளக்கிறார், எவ்வளவு, யாருக்கு என்பதை அவரே தீர்மானிக்கிறார். இந்த இரண்டு தராசுக்கும் உள்ள தூரம் கண்ணில் பட்டுவிட்டால், "உதவி கிடைக்கும்" என்று மட்டும் சொல்லி நாணயம் ஆறை உங்களால் மூட முடியாது. இந்த உதவிக்கு நீங்கள் எதைக் கொடுக்க வேண்டியிருக்கிறது, யார் முன்னால் குனிய வேண்டியிருக்கிறது என்று கேட்கத் தோன்றும்.

டெத் (மரணம்) சீட்டும் அதே குவியலில் வரும். குதிரைக்கு அடியில் அரசன் கிடக்கிறான், கிரீடம் உருண்டிருக்கிறது. மதகுரு நின்று கைகூப்புகிறார். பெண் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். குழந்தை மட்டும் நேரே நிமிர்ந்து பார்க்கிறது. பதவி எதுவும் காப்பாற்றாத சீட்டு இது, பயமுறுத்தப் பயன்படுத்தினால் பாழாகிவிடும்.

ஊன்றுகோலோடு நடப்பவரை ஸ்மித் வரைந்தது நாணயம் ஐந்தில், பனியில், ஒளிரும் ஜன்னலுக்கு வெளியே. உடல் குறைபாடு என்றால் பஞ்சம் என்று இந்தக் கட்டு உங்கள் கண்ணைப் பழக்குகிறது. தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அரசவை ஆட்கள் வரும் கோர்ட் சீட்டுகளில் பேஜ் (ஏவலர்), நைட் (குதிரை வீரர்), ராணி, ராஜா என நான்கு படி. ராணியைத் தவிர மற்றவை ஆண்களாகவே வாசிக்கப்படுகின்றன.

எண்ணி முடித்ததும் இரண்டு தவறுகளில் ஒன்று நடக்கும். சிலர் கட்டைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். தேவையில்லை, குறை தெரிந்த கட்டு, தெரியாத புதுக்கட்டைவிடப் பயன்படும். வேறு சிலர் ஒவ்வொரு சீட்டையும் ஒரு முழக்கமாக மாற்றிவிடுவார்கள். அதுவும் கெடுதல்தான். தங்கைக்கும் தனக்கும் பேச்சு நின்றுபோன வருத்தத்தோடு வந்தவருக்கு முதலாளித்துவம் பற்றிய உரை எதற்கு?

படி 3: நான்கு சீட்டு விரிப்பு

பழக ஒரே ஒரு விரிப்பு, அதாவது சீட்டுகளை இடம் குறித்து வைக்கும் ஒரு முறை, போதும். நான்கு இடங்கள்:

கையில் இருப்பது. மேலே ஏற்றப்பட்டது. கூட நிற்பவர்கள். இந்த வாரம் செய்யக்கூடிய ஒரு சிறு செயல்.

இந்த வரிசையில் வையுங்கள், ஆனால் திறப்பது வேறு வரிசையில். இரண்டாவதை முதலில் திறக்க வேண்டும். "கையில் இருப்பது" முதலில் திறந்தால் கேட்பவர் உடனே தன்னைக் குற்றம் சொல்லத் தொடங்குவார்; பிறகு வரும் சீட்டு எல்லாம் அந்தக் குற்றப்பத்திரிகையின் அடுத்த பக்கமாகிவிடும். முதலில் சுமையைப் பார்த்துவிட்டால் தோள் கொஞ்சம் இறங்கும். அதன் பிறகு மூன்று, ஒன்று, கடைசியாக நான்கு. சீட்டுக்குப் பத்து நிமிடம், முன்னும் பின்னும் பத்துப் பத்து என ஒரு மணி நேரம்.

வாள் எட்டு வந்தது என்று வையுங்கள். கண் கட்டிய பெண், உடலைச் சுற்றித் துணி, சுற்றிலும் நட்ட வாள்கள், காலடியில் சேறும் நீரும், பின்னே குன்றின்மேல் கோட்டை. கையேடு என்ன சொல்லும் தெரியுமா? கட்டு தளர்வாகத்தான் இருக்கிறது, கால் கட்டப்படவில்லை, நடந்து போய்விடலாம், சிறை மனத்தில்தான் என்று. வீட்டில் அடிவாங்கும் ஒருவரிடம் இதைச் சொன்னால் நீங்கள் அடிப்பவர் பக்கம் சேர்ந்துவிட்டீர்கள். வன்முறை நடக்கும் வீட்டைவிட்டுக் கிளம்பும் நேரமும் கிளம்பிய பிறகான நாட்களுமே ஆபத்து கூடும் நேரம் என்பது அந்தத் துறையில் வேலை செய்பவர்கள் எல்லோரும் அறிந்தது. "நடந்து போயிடலாமே" என்பது ஆலோசனையே கிடையாது.

அதே சீட்டு இரண்டாவது இடத்தில் இருந்தால் இப்படிப் பேசலாம்:

"இந்தப் படத்துல உங்க கண்ணு முதல்ல எங்க போச்சு?"

"அந்தக் கண்கட்டு."

"அதை யார் கட்டியிருப்பாங்கன்னு தோணுது?"

பிறகு பேசாமல் இருங்கள். அரை நிமிடம் கனமாக இருக்கும். அந்த அமைதியை நீங்கள் நிரப்பக் கூடாது. அவர் பேசத் தொடங்கிய பின், "பின்னாடி ஒரு கோட்டை இருக்கு, அது யாருடைய வீடு மாதிரி இருக்கு?" என்று ஒரு கேள்வி. அவ்வளவுதான். வாசிப்பவர் விடை சொல்லாமல் படத்தைக் கொண்டு கேட்பது இந்த முறையின் உயிர்நாடி.

அதே வாள் எட்டு முதல் இடத்தில், கையில் இருப்பதாக வந்தால் குழப்பமாக இருக்கும். அப்போது வாள்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளியைக் காட்டுங்கள். "இங்க கொஞ்சம் இடம் தெரியுது. இது உங்களுக்கு எதையாவது நினைவுபடுத்துதா?" என்று கேட்கலாம். இல்லை என்று அவர் சொன்னால் அது இல்லைதான். வற்புறுத்திப் பொருள் ஏற்றாதீர்கள்.

எங்கே தவறும்? பழகாத வாசிப்பவர் இரண்டாம் இடத்திலேயே தங்கிவிடுவார். உலகம் அநியாயமானது, எல்லாம் அமைப்பின் குற்றம் என்று பேசிப் பேசி, வந்தவர் முன்னைவிடக் கையாலாகாமல் எழுந்து போவார். நான்காம் இடம் அதற்காகத்தான். அங்கே வரும் செயல் ஒரு வாரத்தில், கையில் இருக்கும் காசில், ஒரே ஆளால் முடிய வேண்டும். "சங்கத்துல இருக்கிற அந்த அக்காவுக்கு ஃபோன் பண்றேன்" என்பது செயல். "தைரியமா இருக்கேன்" என்பது செயலில் சேராது.

படி 4: வாயில் வரும் சொற்கள்

வந்தவரை "நீங்க" என்றே அழையுங்கள், வயது எதுவானாலும். உடையையும் பேச்சையும் வைத்து நீ, நீங்க என்று மாறினால் வாசிப்பு தொடங்கும் முன்பே தராசு சாய்ந்துவிட்டது. சீட்டில் வரும் ஆளைப் பற்றிச் சொல்லும்போது அவன், அவள் வேண்டாம். "இவர்", "இவங்க" என்று சொல்லிப் பழகுங்கள். தமிழ் நமக்கு இந்த வசதியைத் தந்திருக்கிறது. ராஜா சீட்டு வந்தால் "ஒரு ஆம்பளை வருவார்" என்று சொல்லாமல், "அதிகாரத்தைக் கையில் வைத்திருக்கும் ஒருவர்" என்று சொல்லுங்கள். கணவரா, மனைவியா என்று ஊகிக்காமல் "துணை" என்று கேளுங்கள். அவர் என்ன சொல் பயன்படுத்துகிறாரோ அதையே நீங்களும் திருப்பிப் பயன்படுத்துங்கள். பெயர், ஊர், தொழில் கேட்டு அவருடைய சாதி, மதம், வசதியை மனத்துக்குள் கணக்குப் போடும் பழக்கம் இருந்தால், முழுப்பெயர் கேட்பதையே நிறுத்திவிடுங்கள். வாசிப்புக்கு அது தேவையே இல்லை.

"குருட்டுத்தனம்", "முடமாகிவிட்டது", "இருண்ட மனிதர்" என்று வாய் பழகிய சொற்கள் பல. வாள் இரண்டில் கண் கட்டியிருப்பவரைப் பார்த்து "குருடா இருக்கீங்க" என்று சொல்லாமல், "பார்க்காமல் இருக்க முடிவெடுத்த மாதிரி தெரியுது" என்று சொன்னால் துல்லியமும் கூடுகிறது.

தொடங்கும் முன் மூன்று கேள்வி: எதைப் பற்றிப் பேச விருப்பம், எதைத் தொட வேண்டாம், நடுவில் நிறுத்த வேண்டுமென்றால் எப்படிச் சொல்வீர்கள். பிறகு உங்கள் எல்லையைச் சொல்லுங்கள். நோய், கர்ப்பம், வழக்கு, மரணம் பற்றிச் சீட்டில் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். இங்கே இல்லாத ஆளின் மனத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்க மாட்டேன். அவர் சம்மதம் தரவில்லை. "தோஷம் இருக்கு, கழிக்கக் கூடுதல் பணம்" என்பது எந்த வடிவில் வந்தாலும் சுரண்டல். பயந்தவரிடம்தான் அது விலைபோகிறது.

மேஜை இழுப்பறையில் ஒரு தாள் இருக்கட்டும். உங்கள் பகுதியின் மனநல உதவி எண், குடும்ப வன்முறைக்கான உதவி, இலவசச் சட்ட உதவி, தொழிலாளர் உரிமை அமைப்பு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு எண்ணுக்கும் நீங்களே அழைத்துச் சரிபாருங்கள். அணைந்துபோன எண்ணைக் கொடுப்பதைவிடத் தாள் இல்லாமல் இருப்பது மேல். வெகுநாள் யோசித்துத் துணிந்து ஒருமுறை அழைப்பவர் மறுமுறை அழைக்காமலே போகலாம். காசு வாங்கிக் குறி சொல்வதற்கு உங்கள் ஊரில் சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் அதே கையோடு பார்த்துவிடுங்கள்.

புகை போடுவது பற்றி ஒரு வார்த்தை. கட்டைச் "சுத்தம்" செய்ய வெள்ளை சேஜ் கட்டு வாங்கச் சொல்லிப் பல இடங்களில் எழுதுவார்கள். அந்தச் செடி தெற்குக் கலிபோர்னியாவிலும் மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியாவிலும் மட்டுமே இயல்பாக வளர்வது, அங்கிருக்கும் பூர்வகுடிகளுக்குப் புனிதமானது. விற்பனைக்காகக் காட்டிலிருந்து களவாகவும் வெட்டப்படுகிறது. அமெரிக்காவில் அம்மக்களின் சமயச் சடங்குகளுக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைத்ததே 1978இல்தான். உலர்ந்த மென்துணியால் சீட்டைத் துடைத்து, ஏழு முறை கலைத்து வைத்தால் கட்டு சுத்தம்.

படி 5: கட்டணம்

எல்லோருக்கும் இலவசம் என்று தொடங்குபவர்கள் சில மாதத்தில் களைத்து நிறுத்திவிடுகிறார்கள். ஒரே கட்டணம் என்றால் வசதியற்றவர் வாசலோடு திரும்பிவிடுகிறார். மூன்று படிக் கட்டணம் நடைமுறைக்கு ஒத்துவரும், கணக்கைச் சரியாகப் போட்டால்.

முதலில் உங்கள் நேரத்தை எண்ணுங்கள். ஒரு மணி நேர வாசிப்புக்கு முன்பேச்சு 10 நிமிடம், பிறகு குறிப்பு எழுதி அனுப்ப 20 நிமிடம். ஆக 90 நிமிடம். அந்த 90 நிமிடத்துக்கு உங்களுக்குத் தேவையான தொகையை 100 என்று வைத்துக்கொள்வோம். ஆதரவுக் கட்டணம் 150, வழக்கமான கட்டணம் 100, குறைந்த கட்டணம் 50. பத்துப் பேரில் மூவர் 150, நால்வர் 100, மூவர் 50 கொடுத்தால் 450, 400, 150 சேர்ந்து 1000. கணக்கு நிற்கிறது. ஆதரவுக் கட்டணம் தருபவர் ஒருவராகக் குறைந்து, ஆறு பேர் 100 கொடுத்தால் வருவது 900. ஆக விதி எளிது: போன மாதம் எத்தனை பேர் 150 கொடுத்தார்களோ அத்தனை குறைந்த கட்டண இடங்கள் இந்த மாதம். முதல் மாதத்துக்கு மட்டும் இரண்டு இடம் வைத்துத் தொடங்குங்கள்.

எந்தப் படி என்பதை அவரே தேர்ந்தெடுக்கட்டும், முன்பதிவின்போதே, எழுத்தில். ஆதாரம் கேட்காதீர்கள். வறுமையை நிரூபிக்கச் சொல்வது மண்டியிடச் சொல்வதுதான். நாணயம் ஆறு நினைவிருக்கட்டும். 50 கொடுப்பவருக்கும் 150 கொடுப்பவருக்கும் அதே நேரம், அதே நாற்காலி, அதே குறிப்பு. குறைந்த கட்டண இடங்களை யாரும் வராத பின்னிரவு நேரத்துக்குத் தள்ளிவிடும் தவறு தெரியாமலே நடக்கும். மாதக் கடைசியில் நாட்குறிப்பைப் புரட்டிப் பாருங்கள்.

படி 6: வட்டம் கூடுதல், சேர்ந்து கட்டு வரைதல்

தனியாகப் பழகுபவர் தன் கண்ணுக்குத் தெரியாததைத் தெரியாமலே பழகுகிறார். ஆறிலிருந்து பத்துப் பேர் வரை ஒரு வட்டம் நல்ல அளவு. இரண்டு மணி நேரம், மாதம் இருமுறை. நடத்துபவர் ஒவ்வொரு முறையும் மாறவேண்டும். தொடங்கியவரே தொடர்ந்து நடத்தினால் ஆறு மாதத்தில் அவர் வீட்டுக் கூட்டமாகிவிடும். பேச மூன்று நிமிட மணல்கடிகாரம் வையுங்கள். சரளமாகப் பேசுபவரைக் கட்டுப்படுத்துவதைவிட, தயங்குபவருக்கு "இது என் மூன்று நிமிடம்" என்ற உரிமையைத் தருவதே அதன் பயன். படியேறாமல் வரக்கூடிய இடமா, குழந்தையோடு வரலாமா, வீட்டிலிருந்தே இணையலாமா என்பதை அழைப்பிலேயே எழுதிவிடுங்கள். கேட்டால் சொல்லலாம் என்று விட்டால் கேட்கவேண்டிய சுமை எப்போதும் ஒரே ஆட்கள்மேல் விழும். புகார் வந்தால் கேட்க இருவரை முன்பே பெயர் சொல்லி நியமியுங்கள். அவர்களில் ஒருவராவது தொடங்கியவரின் நெருங்கிய நண்பராக இருக்கக் கூடாது.

வட்டம் நிலைத்ததும் சொந்தக் கட்டு வரையும் ஆசை வரும். அங்கேதான் ஸ்மித்துக்கு நடந்தது மறுபடி நடக்கும். கொள்கை பேசுபவர்கள்கூட, காசு விஷயத்தில் "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று தொடங்கி மனக்கசப்பில் முடிப்பார்கள். ஆகவே இங்கே நிதானமாகப் போவோம்.

ஆள் கணக்கு: 13 பேர், ஆளுக்கு 6 சீட்டு, மொத்தம் 78. மேஜர் (டெத், ஜஸ்டிஸ் போலத் தனிப்பெயர் உள்ளவை) 22, கோர்ட் 16, எண் சீட்டு 40. எல்லோரும் டவர், ஸ்டார் போன்ற மேஜர்களைக் கேட்பார்கள், நாணயம் நான்கை யாரும் கேட்க மாட்டார்கள். விட்டுவிட்டால் பெயர் பெற்றவர்களுக்கு மேஜர் போய்ச் சேரும், புதியவர்களுக்கு எண் சீட்டு மிஞ்சும். குலுக்கிப் போடுங்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு மேஜர், ஒரு கோர்ட் நிச்சயம். மிச்சமிருக்கும் 9 மேஜரை ஒன்பது பேருக்கும், 3 கோர்ட்டை வேறு மூவருக்கும் குலுக்குங்கள். இந்தப் பன்னிரண்டு பேருக்கும் மூன்று மூன்று எண் சீட்டு, எஞ்சிய ஒருவருக்கு நான்கு. சரியாக 40 முடிந்துவிடும். கூடவே இருவரை மாற்று ஓவியராக வைத்துக்கொள்ளுங்கள்; 13 பேரில் ஒருவராவது நடுவில் விலகுவார்.

காலம்: சிறு வரைவுக்கு ஆறு வாரம், அதன்பின் மாதம் ஒரு சீட்டு வீதம் ஆறு மாதம். ஒரு சமூகத்தின் உடை, தெய்வம், சடங்கு படத்தில் வருகிறதென்றால் அந்தச் சமூகத்தைச் சேர்ந்தவரிடம் சிறு வரைவைக் காட்டுங்கள், அவருக்கு அதற்கான ஊதியம் கொடுத்து. வண்ணம் பூசி முடித்த பின் காட்டினால் அவர் தலையாட்டுவதைத் தவிர வழியில்லை. மாற்றச் சொன்னால் இத்தனை உழைப்பையும் வீணடித்தவர் என்ற பழி அவருக்கே வரும். படி 2இல் செய்த எண்ணிக்கையை எல்லா வரைவுகளையும் பரப்பிவைத்து மறுபடி செய்யுங்கள். தோல் நிறத்தை மாற்றிவிட்டு மண்டியிடும் ஆளை அப்படியே விட்டிருப்பது இந்தக் கட்டத்தில்தான் வெளியே தெரியும். உட்கார்ந்திருப்பது யார், கொடுப்பது யார், பேசுவது யார் என்பதுதான் கேள்வி. 1981இல் விக்கி நோபிள், கேரன் வோகல் இருவரும் வெளியிட்ட வட்ட வடிவக் கட்டில் கோர்ட் படிநிலையையே மாற்றி மகள், மகன், பூசாரிப் பெண், ஷாமன் என்று வைத்தார்கள். சீட்டு வட்டமாக இருந்ததால் நேர், தலைகீழ் என்ற இரண்டோடு நிற்காமல் எந்தச் சாய்விலும் விழுந்தது. வடிவமே ஒரு கருத்தைச் சொல்ல முடியும் என்பதற்கு நல்ல சான்று.

ஸ்மித்தின் மூலப் படங்களை அடிப்படையாக வைத்து வரையலாமா? ஆசிரியர் இறந்து 70 ஆண்டு என்ற விதியுள்ள நாடுகளில் அவற்றின் காப்புரிமை 2021 முடிவோடு தீர்ந்தது. ஆனால் பிற்காலத்தில் வண்ணம் மாற்றிய பதிப்புகள், பெட்டி வடிவமைப்பு, வணிகப் பெயர் ஆகியவற்றுக்குத் தனி உரிமை இருக்கலாம். 1909 பதிப்பின் படியையே மூலமாக வையுங்கள்.

ஒப்பந்தம் இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். இவை இருந்தே ஆக வேண்டும்: படத்தின் உரிமை வரைந்தவருக்கே, குழுவுக்கு ஒரு பதிப்பு அச்சிட மட்டும் அனுமதி, மறுபதிப்புக்கு மீண்டும் சம்மதம், ஓவியர் பெயர் சீட்டிலும் பெட்டியிலும், செயற்கை நுண்ணறிவுப் பயிற்சிக்குப் படங்களைக் கொடுப்பதில்லை, ஊதியத்தில் பாதி வரைவு கொடுத்ததும், மறுபாதி முடித்ததும், அச்சுக்குப் போகும் முன்பே, விலகுபவருக்கு அதுவரை செய்த வேலைக்குக் காசு. மக்களிடம் நிதி திரட்டுவதானால் இலக்குத் தொகையில் ஓவியர் ஊதியத்தை முதல் வரியாக எழுதுங்கள். அச்சும் தபாலும் போக மிஞ்சினால் தருகிறோம் என்றால் மிஞ்சாது, ஏனென்றால் தபால் செலவு எல்லோரும் நினைப்பதைவிட அதிகம் வரும். லாபம் வந்தால் 15 பங்கு: ஓவியர்களுக்கு 13, ஒருங்கிணைப்பவருக்கு 1, அடுத்த வேலைக்கான பொது நிதிக்கு 1.

அச்சு: சீட்டு அளவு 70×120 மி.மீ. நான்கு பக்கமும் 3 மி.மீ. வெட்டுக்கு விட்டு 76×126. 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) என்றால் 898×1488 பிக்சல். முகம், எண், பெயர் எல்லாம் வெட்டுக்கோட்டிலிருந்து குறைந்தது 4 மி.மீ. உள்ளே இருக்கட்டும். மெல்லிய சட்டம் வரையாதீர்கள். வெட்டும்போது 1 மி.மீ. நகர்ந்தாலும் ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்து காட்டிக்கொடுத்துவிடும். தாளின் கனம் 300 முதல் 350 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்குக் கிராம்). பின்பக்கப் படம் தலைகீழாகத் திருப்பினாலும் ஒன்றுபோல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எந்தச் சீட்டு தலைகீழாக இருக்கிறது என்பது திறக்கும் முன்பே தெரிந்துவிடும்.

அணுகல் வசதியைக் கடைசியில் ஒட்டவைக்க முடியாது, வரைவிலேயே வரவேண்டும். எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒளிமாறுபாடு 4.5:1க்குக் குறையக் கூடாது. கோல், கோப்பை, வாள், நாணயம் நான்கையும் நிறத்தால் மட்டும் பிரிக்காமல் மூலையில் ஒரு வடிவத்தாலும் பிரியுங்கள். சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாதவர்கள் எந்த வட்டத்திலும் இருக்கலாம். ஒவ்வொரு சீட்டுக்கும் 40 முதல் 60 சொற்களில் ஒரு படவிளக்கம் எழுதி, திரைவாசிப்பான் படிக்கும் கோப்பாகக் கட்டோடு கொடுங்கள். அதை வரைந்தவரே எழுதுவது நல்லது. எது முக்கியம் என்று அவருக்குத்தான் தெரியும். 120 மி.மீ. சீட்டைக் கையில் கலைப்பது மூட்டுவலி உள்ளவர்களுக்குக் கடினம். மேஜைமேல் கவிழ்த்துப் பரப்பி, இரு கையாலும் அளைந்து சேர்க்கும் முறையைக் கையேட்டின் முதல் பக்கத்திலேயே, எல்லோருக்குமான முறையாக எழுதுங்கள்.

படி 7: கலையும்போது

எல்லாக் குழுவும் ஒருநாள் கலையும். அதற்கான பத்தியை நட்பு நன்றாக இருக்கும்போதே ஒப்பந்தத்தில் எழுதிவிட வேண்டும். மூல ஓவியங்கள் 30 நாளுக்குள் வரைந்தவரிடம் திரும்ப வேண்டும், குழுவின் செலவில். விற்காத கட்டுகள் 13 சம பங்கு; மிச்சம் வருபவை இலவசமாகப் படிக்கக் கொடுக்கும் இடங்களுக்கு. அச்சுக் கோப்புகள் எல்லோரிடமும் ஒவ்வொரு படி இருக்கும், ஆனால் 13 பேரின் கையெழுத்து இல்லாமல் யாரும் அச்சிட முடியாது. பொது நிதியில் இருப்பதை முதலில் மாற்று ஓவியர்களின் நிலுவைக்குக் கொடுங்கள், வழக்கமாக மறந்துபோவது அவர்களுடையதுதான். கட்டின் பெயரைப் பிறகு யாரும் தனியாகப் பயன்படுத்தக் கூடாது என்று ஒரு வரி. கூடவே, பதிப்பகம் ஏதாவது வாங்க வந்தால் யார் பேசுவது என்று இரண்டு பெயர்.